வேர்டிலிருந்தே மெயில் அனுப்புவதா, கையால் இணைப்பதா, லிங்க் கொடுப்பதா?

கடிதத்தை வேர்டில் அடித்து முடித்தாயிற்று. 'ஃபைல்' பட்டியலில் 'ஷேர்' இருக்கிறது, அதற்குள் 'ஈமெயில்' இருக்கிறது. அழுத்தினால் மூன்றில் ஒன்று நடக்கிறது. மின்னஞ்சல் நிரல் எதுவும் இல்லை என்று ஒரு பெட்டி வருகிறது. அல்லது அதுவரை ஒருநாளும் தொடாத அவுட்லுக் திறந்துகொண்டு, கணக்கைச் சேர்க்கச் சொல்லி நிற்கிறது. அல்லது ஒன்றுமே நடப்பதில்லை. பாளையங்கோட்டை டிடிபி கடைக்காரர்கள், அபிஷேகப்பட்டியில் ஆய்வு செய்யும் மாணவர்கள், ஊர்ச் சங்கங்களுக்குக் கடிதமும் கணக்கும் எழுதுகிறவர்கள் என்று பலரும் இதைத்தான் கேட்கிறார்கள். இந்தப் பொத்தானைச் சரிசெய்ய மெனக்கெடலாமா, இல்லை வேறு வழிக்குப் போய்விடலாமா?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாளுக்கு ஒன்றிரண்டு கடிதம் அனுப்புகிறவர் அந்தப் பொத்தானோடு மல்லுக்கட்ட வேண்டாம். கோப்பைச் சேமித்து, ஜிமெயிலைத் திறந்து, கையால் இணைப்பதே அவருக்கு நல்லது. ஆனால் பொத்தான் உண்மையாகவே உதவுகிற ஆட்களும் உண்டு, லிங்க் இல்லாமல் வேலை நடக்காத இடங்களும் உண்டு. எனவே ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

## எதை வைத்து முடிவெடுப்பது

முதல் கேள்வி, பெறுபவர் எதில் திறக்கப் போகிறார் என்பது. இங்கே பெரும்பாலோர் கைபேசியில்தான் திறக்கிறார்கள். அதில்தான் தமிழுக்கே உரிய ஒரு வில்லங்கம் இருக்கிறது. எந்தக் கருவியிலும் தமிழ் தமிழாகவே தெரியும் யூனிகோடு முறையைத் தமிழ்நாடு அரசு 2010-இல் தரமாக அறிவித்துவிட்டது. ஆனாலும் நோட்டீசும் மனுவும் அடிக்கும் பல கடைகளில் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களே இன்றும் புழங்குகின்றன. பாமினியில் 'தமிழ்' என்று அடித்தால் கோப்புக்குள் உண்மையில் பதிவாவது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். கடைக் கணினியில் பாமினி இருப்பதால் அங்கே அது 'தமிழ்' என்று தெரிகிறது. பெறுபவரின் கைபேசியில் பாமினி இல்லை. அங்கே ஜே கே பி ஓ மட்டுமே தெரியும். நெறியாளருக்கு மாணவர் அனுப்பிய இயல் முழுவதும் ஆங்கிலக் கிறுக்கலாகப் போய்ச் சேருவது இப்படித்தான். "மெயில் கெட்டுவிட்டது" என்று மாணவர் நினைக்கிறார். மெயிலின் மேல் ஒரு குற்றமும் இல்லை.

இரண்டாவது, பெறுபவர் அதைத் திருத்த வேண்டுமா, படித்தால் போதுமா. மூன்றாவது, அனுப்பியதற்குச் சான்றும் ஒரு பிரதியும் நம்மிடம் நிற்க வேண்டுமா. 2023 டிசம்பரில் தாமிரபரணி கரைபுரண்டு ஜங்ஷன், சிந்துபூந்துறைப் பக்கமெல்லாம் தண்ணீர் புகுந்ததை நாம் மறக்க முடியாது. கணினியில் மட்டுமே இருந்த கோப்பு தண்ணீரோடு போயிருக்கும். மெயிலில் அனுப்பியவை சேரும் 'சென்ட்' பகுதியில் கிடந்த இணைப்பை எங்கிருந்தும் எடுத்துக்கொள்ளலாம்.

நான்காவதைத்தான் பலரும் யோசிப்பதில்லை. கடிதம் யாருடைய முகவரியிலிருந்து போகிறது? கடைக்காரரின் முகவரியிலிருந்து போனால் பதிலும் கடைக்குத்தான் வரும். பத்தமடையிலிருந்து பஸ் ஏறி வந்து, "அண்ணாச்சி, எனக்குப் பதில் ஏதும் வந்திருக்கிறதா?" என்று கடை வாசலில் நின்று கேட்கிற நிலைமை ஒருவருக்கு ஏன் வர வேண்டும்? நேர்காணலுக்குக் கூப்பிட்ட கடிதம் அங்கே படிக்கப்படாமல் கிடந்தால், இழப்பு அவருக்குத்தான்.

ஐந்தாவது, கோப்பின் அளவு. ஜிமெயிலில் இணைப்பின் வரம்பு 25 எம்பி. மின்னஞ்சலில் போகும் கோப்பு வழியில் வெறும் எழுத்துகளாக மாற்றப்படுவதால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பெருத்துவிடுகிறது. பெறுபவரின் அலுவலகம் வைத்திருக்கும் வரம்பு இன்னும் குறைவாகவும் இருக்கலாம். பதினைந்தைத் தாண்டினாலே வேறு வழியை யோசிப்பது நல்லது. கைபேசியில் எடுத்த படங்களை வேர்டில் அப்படியே ஒட்டுவதால்தான் பல கோப்புகள் பெருக்கின்றன. படத்தைச் சொடுக்கி 'கம்ப்ரெஸ் பிக்சர்ஸ்' கொடுத்தாலே பாதிப் பாரம் இறங்கிவிடும்.

## வழி ஒன்று: வேர்டுக்குள் இருக்கும் பொத்தான்

இந்தப் பொத்தான் தானாக மெயில் அனுப்புவதில்லை. விண்டோஸில் இயல்பான மின்னஞ்சல் நிரல் எது என்று பார்த்து, அதனிடம் கோப்பை ஒப்படைக்கிறது. அந்த ஒப்படைப்புக்கு 'மாப்பி' என்று ஒரு பழைய ஏற்பாடு இருக்கிறது. அதைப் பேசத் தெரிந்த நிரல் கணினியில் இருந்து, அதில் உங்கள் கணக்கும் போடப்பட்டிருந்தால் மட்டுமே பொத்தான் வேலை செய்யும். வேர்டுக்கு மாற்றாகப் பலர் வைத்திருக்கும் இலவச லிப்ரே ஆபீஸில் 'ஃபைல்', 'சென்ட்', 'ஈமெயில் டாக்குமென்ட்' என்று இருப்பதும் விண்டோஸில் இதே வழியில்தான் போகிறது.

ஜிமெயிலைக் குரோமில் மட்டும் பார்க்கிறவருக்குப் பொத்தான் ஏன் வேலை செய்யவில்லை என்பது இப்போது விளங்கும். ஒப்படைக்க ஆளே இல்லை. சிலர் குரோம் அமைப்புக்குள் போய் மின்னஞ்சல் லிங்க்குகளை ஜிமெயில் திறக்கட்டும் என்று மாற்றிவிட்டு, அப்படியும் நடக்கவில்லையே என்று கேட்கிறார்கள். அந்த ஏற்பாடு முகவரியைச் சொடுக்கினால் புதுக் கடிதம் திறக்க மட்டுமே உதவும்; அதனால் கோப்பைச் சுமக்க முடியாது.

விண்டோஸோடு வந்த பழைய 'மெயில்' செயலியை வைத்திருந்தவர்களுக்கு இன்னொரு காரணம். மைக்ரோசாஃப்ட் 2024 டிசம்பர் 31-உடன் அந்தச் செயலிக்கான ஆதரவை நிறுத்திவிட்டது. பழைய அவுட்லுக் பதிப்புகளில் ஜிமெயில் போட்டிருந்தவர்களுக்கு 2022 மே 30 முக்கியமான தேதி. அன்றிலிருந்து தனிநபர் கணக்குகளில் வெறும் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து நுழையும் பழைய நிரல்களை கூகுள் ஏற்பதில்லை. கடவுச்சொல் சரியாக இருந்தும் திரும்பத் திரும்பக் கேட்பதற்குக் காரணம் இதுதான். கூகுள் கணக்கில் இரட்டைச் சரிபார்ப்பை இயக்கி, அங்கிருந்தே 16 எழுத்துள்ள 'ஆப் பாஸ்வேர்டு' ஒன்றை எடுத்துக் கொடுத்தால் பெரும்பாலும் சரியாகும்.

பொத்தானை உயிர்ப்பிக்கத் தீர்மானித்துவிட்டால் நான் சொல்லும் நேர்வழி இது. தண்டர்பேர்டு என்ற மின்னஞ்சல் நிரல் இலவசம், அதை நிறுவி ஜிமெயில் கணக்கைப் போடுங்கள். கூகுளின் உள்நுழைவுப் பக்கம் அதற்குள்ளேயே திறக்கும், ஆப் பாஸ்வேர்டு வேண்டியதில்லை. பிறகு விண்டோஸ் 'செட்டிங்ஸ்', 'டீஃபால்ட் ஆப்ஸ்' பகுதியில் தண்டர்பேர்டை மின்னஞ்சலுக்கு இயல்பாக வையுங்கள். வேர்டை மூடித் திறந்து முயலுங்கள். அப்படியும் பழைய பெட்டியே வந்தால், வேர்டு 32 பிட்டா 64 பிட்டா, மின்னஞ்சல் நிரல் எது என்று பாருங்கள். இரண்டும் ஒத்துப்போகாத சில சேர்க்கைகளில் இதே பிழை வரும்.

மறைந்திருக்கும் செலவுகள் இங்கேதான் அதிகம். அமைக்கவே ஒரு பொழுது போய்விடும். கடைக் கணினியில் இப்படிப் போட்டால் எல்லார் கடிதமும் கடை முகவரியில்தான் போகும். இணையம் விட்டுவிட்டு வரும் ஊர்களில் கடிதம் 'அவுட்பாக்ஸ்' பகுதியிலேயே நின்றுவிடும். அனுப்பியாயிற்று என்று நினைத்துக் கணினியை அணைத்துவிட்டுப் போகிறவர்கள் நிறையப் பேர். 'சென்ட்' பகுதியில் தெரிந்தால்தான் போயிருக்கிறது என்று அர்த்தம்.

இத்தனைக்கும் பிறகு இந்த வழி யாருக்குச் சிறந்தது? ஒரே கணினி, ஒரே முகவரி, நாள் முழுக்கக் கடிதம் அனுப்பும் வேலை. வக்கீல் குமாஸ்தா, பள்ளி அலுவலக எழுத்தர், ஏற்றுமதி நிறுவனத்தில் பில் அனுப்புகிறவர். இவர்களுக்கு ஒவ்வொரு கடிதத்திலும் பல சொடுக்குகள் மிச்சம். வேர்டில் 'சென்ட் ஆஸ் பிடிஎஃப்' என்று இருப்பது, பிடிஎஃப் ஆக்குவதையும் இணைப்பதையும் ஒரே சொடுக்கில் முடித்துவிடும். மாலைக்குள் அதன் அருமை தெரியும்.

## வழி இரண்டு: சேமித்து, கையால் இணைப்பது

எந்தக் கணினியிலும் நடக்கும். அனுப்புகிறவரின் சொந்த முகவரியிலிருந்து போகும், பதில் அவருக்கே வரும், பிரதி அவருடைய 'சென்ட்' பகுதியில் நிற்கும். மேலே சொன்ன ஐந்து அளவுகோல்களில் நான்கில் இதுவே முந்துகிறது.

கண்ணில் படாமல் நடக்கும் பிசகுகள் சில உண்டு. வேர்டில் திருத்திவிட்டுச் சேமிக்காமல் இணைத்தால், கடைசியாகச் சேமித்த பழைய வடிவம்தான் போகும். திரையில் புதியது தெரிவதால் சந்தேகமே வராது. ஆகவே சேமித்து, வேர்டை மூடிவிட்டு இணைப்பதே பாதுகாப்பு. மூடுவதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. கோப்பு திறந்திருக்கும்போது அதே பெயரில், முன்னால் ஓர் அலைக்குறியும் டாலர் குறியும் போட்ட குட்டிக் கோப்பு ஒன்றை வேர்டு உண்டாக்கி வைக்கிறது. மறைந்த கோப்புகளைக் காட்டும்படி அமைத்திருக்கும் கணினியில் அது தெரியும். அதைத் தவறி இணைத்தால் பெறுபவருக்கு ஒன்றும் திறக்காது. இணைத்த கோப்பின் அளவு ஒரு கேபி கூட இல்லையென்றால் அதுதான் என்று புரிந்துகொள்ளலாம்.

பிரவுசிங் சென்டரிலோ கடையிலோ அனுப்பும்போது குரோமின் மறைநிலைச் சாளரத்தைத் திறந்து உள்நுழையுங்கள். முடிந்ததும் சாளரத்தை மூடி, டெஸ்க்டாப்பில் இருக்கும் உங்கள் கோப்பையும் அழித்துவிடுங்கள். ஆதார் நகலும் மதிப்பெண் பட்டியலும் யார் யாரோ உட்காரும் கணினியில் கிடக்கக் கூடாது. ஜிமெயில் அமைப்பில் 'அன்டூ சென்ட்' நேரத்தை 30 விநாடியாக மாற்றி வைத்துக்கொள்வதும் நல்லது. இணைக்க மறந்தது பெரும்பாலும் அனுப்பிய மறுகணத்தில்தான் நினைவுக்கு வரும்.

### வேர்டு கோப்பா, பிடிஎஃப்பா?

கையால் இணைக்கும்போது இந்தக் கேள்வி வந்தே தீரும். படித்தால் போதும் என்றால் பிடிஎஃப், திருத்த வேண்டும் என்றால் வேர்டு. விண்ணப்பம், மனு, அழைப்பிதழ், பில் எல்லாம் பிடிஎஃப்பாகவே போகட்டும். எழுத்துரு கோப்புக்குள்ளேயே பதிந்து போவதால் பாமினியில் அடித்ததுகூடக் கைபேசியில் தமிழாகவே தெரியும். பக்கமும் வரியும் இடம் மாறாது.

ஆனால் இதில் ஓர் ஏமாற்றம் ஒளிந்திருக்கிறது. பாமினி பிடிஎஃப்பில் தோற்றம்தான் தமிழ். அதிலிருந்து ஒரு பத்தியை நகலெடுத்து வேறு இடத்தில் ஒட்டினால் மறுபடியும் ஜே கே பி ஓதான். தேடினாலும் ஒரு தமிழ்ச் சொல் அகப்படாது. ஆய்வேடு, சங்கத் தீர்மானம், ஊர் வரலாறு என்று பின்னால் தேடப்படும் எதையும் யூனிகோடிலேயே அடிப்பதுதான் சரி. ஏற்கெனவே பழைய எழுத்துருவில் கிடப்பதை என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற இலவசக் கருவியில் மாற்றிக்கொள்ளலாம். மாற்றியபின் ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். நடுவில் வரும் ஆங்கிலச் சொற்களும் எண்களும் சில வேளை குழம்பிவிடும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். நம் ஊரில் நாள்தோறும் அடிக்கப்படும் இத்தனை தமிழும் பத்து ஆண்டு கழித்துப் படிக்க முடியாத ஆங்கில எழுத்துக் குவியலாகிவிடக் கூடாது.

வேர்டு கோப்பாகவே அனுப்பும்போது உங்களுக்குத் தெரியாமல் உள்ளே போகிறவை உண்டு. அடித்துத் திருத்தியவற்றின் தடம், ஓரக் குறிப்புகள், கோப்பை முதலில் உருவாக்கியவரின் பெயர். கட்சிக்காரரைப் பற்றி ஓரத்தில் எழுதிய குறிப்பு எதிர்த்தரப்பு வக்கீலிடம் போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும் என்று நீதிமன்றப் பக்கம் கடை வைத்திருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 'ஃபைல்', 'இன்ஃபோ', 'இன்ஸ்பெக்ட் டாக்குமென்ட்' ஓட்டிவிட்டு அனுப்புங்கள்.

பெறுபவர் பக்கமும் ஓர் ஆபத்து இருக்கிறது. அவுட்லுக்கில் வந்த இணைப்பை நேரடியாகத் திறந்து, மஞ்சள் பட்டையில் 'எனேபிள் எடிட்டிங்' அழுத்தி, இரண்டு மணி நேரம் திருத்தி, சேமித்து மூடினால் அந்தத் திருத்தமெல்லாம் தற்காலிகக் கோப்புறை ஒன்றில் போய் மாட்டிக்கொள்ளும். மெயிலில் இருக்கும் கோப்பு பழையபடியே இருக்கும். "முதலில் சேமித்துவிட்டுத் திருத்துங்கள் ஐயா" என்று கடிதத்திலேயே ஒரு வரி எழுதிவிடலாம்.

## வழி மூன்று: கூகுள் டாக்ஸிலேயே எழுதி, அங்கிருந்தே அனுப்புவது

வேர்டில் செத்துக் கிடக்கும் அதே பொத்தான் இங்கே உயிரோடு இருக்கிறது. 'ஃபைல்', 'ஈமெயில்', 'ஈமெயில் திஸ் ஃபைல்'. பிடிஎஃப்பாகவோ வேர்டு கோப்பாகவோ மாற்றி இணைக்கும் வேலையை அதுவே செய்துவிடும். உங்கள் ஜிமெயில் முகவரியிலிருந்தே போகும். நிறுவவோ அமைக்கவோ ஒன்றுமில்லை. தமிழில் பேசினால் எழுதிக்கொள்ளும் வசதியும் இருக்கிறது. விரல் ஓடாத பெரியவர்களுக்கு அது பெரிய உதவி.

இழப்பது எதை? பாமினி, வானவில் இங்கே வேலைக்கு ஆகாது, யூனிகோடு மட்டுமே. என்னைக் கேட்டால் அது இழப்பே அல்ல. ஆனால் வேர்டில் அட்டவணையும் கட்டமும் போட்டுச் செய்த பழைய படிவங்களை இங்கே திறந்தால் பக்கம் நகர்ந்து, கட்டம் உடைந்துவிடுவதுண்டு. இணையம் இல்லாமல் வேலை செய்ய முன்கூட்டியே தனியாக ஏற்பாடு செய்துவைக்க வேண்டும். இலவச இடம் 15 ஜிபி. அதில் ஜிமெயிலும் கைபேசிப் படங்களும் பங்கு போடும்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு, குறிப்பாகக் கல்லூரி மாணவர்களுக்கு, நான் இதையே சொல்வேன். ஏற்கெனவே நூற்றுக்கணக்கில் வேர்டு படிவம் வைத்திருக்கும் அலுவலகத்துக்கு இது பொருந்தாது.

## வழி நான்கு: கோப்பை அனுப்பாமல் லிங்க் மட்டும்

25 எம்பி தாண்டினால் ஜிமெயிலே கோப்பை கூகுள் டிரைவில் ஏற்றி லிங்க்காக மாற்றிவிடுகிறது. ஆகவே பலரும் தெரியாமலே இதைப் பயன்படுத்தியிருப்பார்கள். ஊர்க் கொடை மலரைத் திருநெல்வேலியில் ஒருவரும், சென்னையில் ஒருவரும், துபாயில் ஒருவரும் சேர்ந்து திருத்துகிறார்கள் என்றால் இதைவிட்டால் வழியில்லை. இணைப்பாக அனுப்பினால் ஆளுக்கொரு பிரதி பெருகி, எது கடைசி வடிவம் என்றே தெரியாமல் போய்விடும்.

செலவு இரண்டு. அனுமதி கொடுக்க மறந்தால் பெறுபவருக்கு 'ரிக்வெஸ்ட் ஆக்சஸ்' என்ற சுவர்தான் தெரியும். அலுவலகத்தில் இருப்பவர் அதைக் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார், மூடிவிட்டுப் போய்விடுவார். அனுமதியை அளவுக்கு மீறித் திறந்துவிட்டாலோ லிங்க் கிடைத்த யாரும் படிக்கலாம். இன்னொன்று, லிங்க்குக்குப் பின்னால் இருக்கும் கோப்பு நாளை மாறலாம், அழிக்கப்படலாம். இன்ன தேதியில் இன்னதைக் கொடுத்தோம் என்று காட்ட வேண்டிய மனுவுக்கும் ஒப்பந்தத்துக்கும் லிங்க் உதவாது. இணைப்புதான் சான்று.

வாட்ஸ்அப்பைப் பற்றியும் கேட்பார்கள். டாக்குமென்டாக 2 ஜிபி வரை போகும், உடனே போகும். தெரிந்தவருக்கு மாதிரி காட்டிச் சரிபார்க்க அது போதும். ஓர் அலுவலகத்துக்கு முறைப்படி கொடுக்க வேண்டியதை அதில் மட்டும் அனுப்பிவிட்டு இருக்காதீர்கள்.

## பலருக்கு ஒரே கடிதம்

பள்ளி ஆண்டு விழாவுக்கு எல்லாப் பெற்றோருக்கும் பெயர் போட்டுக் கடிதம் அனுப்ப வேண்டும் என்றால் மேலே சொன்ன எதுவும் முழுதாகப் பொருந்தாது. வேர்டின் 'மெயில் மெர்ஜ்' பெயரை மாற்றி மாற்றி அனுப்பும், ஆனால் கூடவே ஒரு கோப்பை இணைக்காது. கடிதத்தின் உடல் மட்டுமே போகும். அதற்கும் பழைய வகை அவுட்லுக் வேண்டும். லிப்ரே ஆபீஸ் அவுட்லுக் இல்லாமலே அனுப்பும், இணைப்பும் போடும். அதில் ஜிமெயிலின் சர்வர் பெயர், 587 என்ற போர்ட் எண், ஆப் பாஸ்வேர்டு மூன்றையும் ஒருமுறை பதிய வேண்டும். சாதாரண ஜிமெயில் கணக்கில் ஒரு நாளைக்கு 500 பேருக்கு மேல் போகாது என்பதால், பெரிய பட்டியலை நாள் பிரித்து அனுப்புங்கள்.

## யாருக்கு எது

வேலைக்கோ உதவித்தொகைக்கோ விண்ணப்பம் அனுப்புகிறவருக்கு, பிடிஎஃப் ஆக்கிக் கையால் இணைப்பது. இதில் எனக்கு இரண்டாம் எண்ணமே இல்லை. நெறியாளருக்கு இயல் அனுப்பும் ஆய்வாளர் யூனிகோடில் அடித்து, வேர்டு கோப்பும் பிடிஎஃப்பும் சேர்த்தே இணைக்கலாம். ஒன்று திருத்த, ஒன்று கைபேசியில் படிக்க. நெறியாளர் டாக்ஸில் பழகியவர் என்றால் லிங்க். மலர்க்குழுவுக்கு லிங்க், அச்சகத்துக்குப் போகும் கடைசி வடிவம் மட்டும் பிடிஎஃப். நாள் முழுக்க அனுப்பும் எழுத்தர் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து தண்டர்பேர்டைப் போட்டுப் பொத்தானைச் சரிசெய்துகொள்ளட்டும்.

டிடிபி கடை நடத்தும் அண்ணாச்சிகளுக்கு ஒரு வேண்டுகோள். கடைப் பொத்தான் வேலை செய்தாலும், வாடிக்கையாளரின் விண்ணப்பத்தைக் கடை முகவரியிலிருந்து அனுப்பாதீர்கள். அவரிடம் மின்னஞ்சல் இல்லையென்றால் அவருடைய கைபேசி எண்ணிலேயே ஒரு கணக்கைத் திறந்து கொடுங்கள், கடவுச்சொல்லை அவர் கையாலேயே எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். அவர் கைபேசியில் ஜிமெயில் செயலியையும் போட்டு, அனுப்பிய கடிதத்தை 'சென்ட்' பகுதியில் திறந்து காட்டி அனுப்பிவையுங்கள்.